பாட்டியின் டெஸ்ட் டியூப்... அப்பாவின் மீட்டர்... பாப்பாவின் சென்சார்!

எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு மூன்று தலைமுறை வரலாறு உண்டு. பாட்டிக்கு இருந்தது. அப்பாவுக்கு இருக்கிறது. அண்ணன் மகளுக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. அவளுக்கு இருப்பது டைப் 1. இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

'இன்னைக்கு சுகர் எவ்வளவு?' என்ற ஒரே கேள்விக்கு இந்த மூன்று பேரும் மூன்று விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, தெருவில் யார் மீட்டர் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம் வந்து, "எது வாங்கலாம் சொல்லு" என்று நிற்பார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. யாருக்கு, எதற்கு என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும்.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில். பௌர்ணமி வந்துவிட்டால் எங்கள் ஊர் எங்கள் கையில் இருக்காது. எங்கெங்கிருந்தோ பஸ், ரயில் பிடித்து வந்து, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். பெரும்பாலானவர்கள் வெறுங்காலில். அவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு ஓடும். ஐ.சி.எம்.ஆர். உதவியுடன் நடந்த 'இண்டியாப்' ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருக்க வேண்டும்.

அவர்களில் ஒருவர் என் அப்பா. வயது 71. கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 30 வருடங்களுக்கு மேலாக மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவர். இந்தக் கட்டுரையில் பாதி, அந்த நடையை அவரிடமிருந்து பிடுங்காமல் காப்பாற்றியது எப்படி என்பதுதான்.

நீலம், பச்சை, செங்கல் சிவப்பு

பாட்டி காலத்தில் வீட்டில் ரத்தத்தைப் பார்க்க வழி கிடையாது. சிறுநீரைத்தான் பார்ப்பார்கள். அதற்கும் முன்னால், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் 'சர்க்கரை' என்று முடிவு கட்டிய காலம் ஒன்று இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, இரண்டு கண்ணாடி டெஸ்ட் டியூப், நீல நிறக் கரைசல் ஒரு பாட்டில் இருக்கும். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கரைசல் அது. டியூபில் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பில் வந்து நின்றால் எக்கச்சக்கம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், நிறத்தைப் பார்த்து, அன்றைக்குச் சோறா, களியா என்று முடிவு செய்துவிடுவார்.

அந்தச் சோதனையில் ஒரு பெரிய குறை இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். அதற்குக் கீழே 170 ஆக இருந்தாலும் டியூபில் நீலம்தான். ஆபத்தான அளவுக்கு இறங்கி 45 ஆக இருந்தாலும் அதே நீலம்தான். அதுவும் அந்த நிமிடத்தின் அளவு அல்ல, சில மணி நேரம் முன்பு சிறுநீர்ப்பையில் சேர்ந்ததன் கணக்கு. பாட்டி சில நாள் விடியற்காலையில் வியர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சு படபடங்குது" என்பார். டியூப் நீலமாகத்தான் இருக்கும். 'நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று சொல்ல அந்த நீலத்துக்கு வாய் இல்லை.

சென்னையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் போன்றவர்கள் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவம் வேண்டும் என்று பாடுபட்டு, 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கிய பிறகும்கூட, வீட்டில் இருக்கும் நோயாளிக்குப் பல காலம் இந்த டெஸ்ட் டியூப்தான் துணை.

ஒரு கிலோ எடையில் ஒரு மீட்டர்

விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கும் பட்டை 1965-ல் அமெரிக்காவில் வந்தது. 'டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ்' என்று பெயர். பெரிய சொட்டாக ரத்தம் விட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவி, பட்டையின் நிறத்தை டப்பாவில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். கண் மங்கியவர்களுக்கு அது ஆகாத காரியம். அதனால் நிறத்தைப் படித்து எண்ணாகச் சொல்ல ஒரு கருவி செய்தார்கள். 1970 வாக்கில் வந்த அந்த முதல் மீட்டர், ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கு மட்டும்தான் விற்பனை.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளருக்குச் சின்ன வயதிலிருந்தே டைப் 1. விளம்பரத்தைப் பார்த்து அவர் கேட்டபோது, 'நீங்கள் டாக்டர் இல்லையே' என்று தர மறுத்துவிட்டார்கள். அவர் மனைவி டாக்டர். மனைவி பெயரில் வாங்கி, தினமும் பல முறை தன் விரலிலேயே குத்திப் பார்த்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். நோயாளி வீட்டிலேயே தன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை வலியுறுத்திய முன்னோடிகளில் ஒருவர் அவர். அதைச் சொன்னால் மருத்துவ உலகம் கேட்க வேண்டும் என்பதற்காக, 40 வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரும் ஆனார். இன்று நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் மீட்டருக்குப் பின்னால் இப்படி ஒருவரின் பிடிவாதமும் இருக்கிறது.

அப்பாவின் கணக்கு நோட்டு

அப்பா வைத்திருப்பது சாதாரண குளுக்கோமீட்டர். உள்ளங்கை அளவு. ஸ்ட்ரிப்பைச் செருகி, விரலில் ஊசியால் ஒரு குத்து. கடுகை விடச் சின்ன சொட்டு போதும். ஐந்து விநாடியில் எண் வந்துவிடும்.

இந்த ஸ்ட்ரிப்புக்குள் என்ன நடக்கிறது? அதில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரிகிறது. பழைய மீட்டர்கள், அந்த வினையால் மாறும் நிறத்தை ஒளியால் அளந்தன. இப்போது வரும் பெரும்பாலான மீட்டர்கள், வினையில் உண்டாகும் துளி மின்சாரத்தை அளக்கின்றன. இந்த இரண்டாவது வகைக்கு ரத்தம் குறைவாகப் போதும், நேரமும் குறைவு. 1987-ல் பேனா வடிவில் வந்த 'எக்ஸாக்டெக்' என்ற மீட்டர்தான் இந்த வகையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

அப்பா வாங்கிய முதல் நாளே ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, அதே நேரத்தில் மீட்டரிலும் பார்த்தார். லேபில் 162. மீட்டரில் 174.

"12 இடிக்குதே... மீட்டர் தப்பா, லேப் தப்பா?"

கணக்கர் அல்லவா! டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். வீட்டு மீட்டருக்கென்று உலகத் தர விதி ஒன்று இருக்கிறது. லேபில் 100-க்கு மேல் இருந்தால் மீட்டர் 15 சதவிகிதம் வரை கூடலாம், குறையலாம். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை. 100 முறை பார்த்தால் 95 முறையாவது இந்த எல்லைக்குள் வர வேண்டும். அதாவது லேபில் 200 என்றால் மீட்டரில் 170 முதல் 230 வரை எது வந்தாலும் சரிதான். தவிர, சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில், முழங்கை மடிப்பில் எடுக்கும் ரத்தத்தைவிடச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

"அதனால், சர்க்கரை நோய் இருக்கா, இல்லையானு கண்டுபிடிக்க லேப். வந்ததுக்கு அப்புறம் அன்னன்னைக்கு வண்டி ஓட்ட மீட்டர். மூணு மாச சராசரிக்கு ஹெச்பிஏ1சி. மூணுக்கும் வேலை வேற வேற" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அப்பா ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். தேதி, நேரம், சாப்பிடும் முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, என்ன சாப்பிட்டார். அந்த நோட்டு எங்கள் வீட்டில் பல விவாதங்களைத் தீர்த்துவைத்திருக்கிறது. ஒன்று சொல்கிறேன். எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையில் சாமை நன்றாக விளையும். "சாமை சாப்ட்டா சுகர் ஏறாது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, அப்பா தட்டு நிறையச் சாமைப் பொங்கல் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து 231. இன்னொரு நாள் அதே சாமை, ஒரு கரண்டி, கூடவே கீரையும் சுண்டலும். 164. 'சாமை நல்லதுதான், தட்டு நிறைய ஆகாது' என்று அப்பா தானே நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

நிருதி லிங்கம் தாண்டி...

அப்பா பௌர்ணமி அன்று விரதம். பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். 'மாத்திரையை விடக் கூடாது' என்று எல்லா டாக்டரும் சொல்லியிருக்கிறார்களே!

அவர் போடுவதில் ஒன்று, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இந்தப் பக்கம் வயிறு காலி. அந்தப் பக்கம் 14 கிலோமீட்டர் நடை. நடக்கும் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்று வருடம் முன்பு ஒரு பௌர்ணமி இரவு. நானும் கூட நடந்தேன். அக்னி லிங்கம், எம லிங்கம் எல்லாம் தாண்டி நன்றாகத்தான் வந்தார். நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேச்சு குறைந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல காற்று வீசிக்கொண்டிருந்த நேரம் அது.

"இன்னாப்பா, உக்காரலாமா?"

"எதுக்கு உக்காரணும்? நட, நட" என்று எரிந்து விழுந்தார். அப்பா என்னிடம் அப்படிப் பேசுகிறவர் இல்லை. கை நடுங்கியது.

ஒரு டீக்கடை பெஞ்சில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, பையில் இருந்த மீட்டரை எடுத்தேன். 52.

70-க்குக் கீழே போனாலே 'லோ சுகர்'. 54-க்குக் கீழே என்றால் மூளைக்கே எரிபொருள் போதாத நிலை. கோபம், குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள்தான். டீக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தார். "மாசா மாசம் ரெண்டு பேராவது இப்படி உக்காருவாங்கம்மா" என்றார். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தேன். 81. இரண்டு இட்லி சாப்பிட வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 118. மெதுவாகத் திரும்பி நடந்து, பெரிய ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தோம்.

15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி பரிசோதனை. இந்தக் கணக்கை நடக்கிற எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "போதும். இனிமே மலை சுத்த வேணாம். கோபுரத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டா அவரு ஏத்துக்க மாட்டாரா?"

அப்பா பதில் பேசவில்லை. அடுத்த பௌர்ணமி அன்று திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. மீட்டரை நீட்டினோம், "இனிமே எதுக்கு?" என்றார். நோட்டில் அந்த வாரம் முழுக்கக் காலி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 52-ஐப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

கேசரி சாப்பிட்ட கை

நடுவில் சித்தப்பாவின் கதை. அவரும் சர்க்கரைக்காரர்தான். கிரிவலப் பாதையில் யாரோ கொடுத்த கேசரியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் மீட்டரில் பார்த்தார். 341! "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரே களேபரம்.

எதிர்வீட்டு அக்கா 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. இந்த அக்காவைப் போன்ற பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சத்தம் கேட்டு வந்த அக்கா முதலில் கேட்டது, "ஐயா, கை கழுவினீங்களா?"

சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, வேறு விரலில் பார்த்தார். 186. விரலில் ஒட்டியிருந்த கேசரியின் சர்க்கரையைத்தான் மீட்டர் சேர்த்து எண்ணியிருக்கிறது. பழம் உரித்த கை, தேன் தொட்ட கை, பிரசாதம் வாங்கிய கை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அக்கா அன்று சொல்லிக்கொடுத்தவற்றை அப்படியே தருகிறேன்:

* விரலின் நடுச் சதையில் குத்த வேண்டாம். பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. கை சில்லென்று இருந்தால் வெந்நீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டுப் பிறகு குத்தலாம். பிழிந்து பிழிந்து ரத்தம் எடுத்தால் எண் மாறும்.

* ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே மூட வேண்டும். ஈரமும் வெயிலும் அதற்கு எமன். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலும் வேண்டாம்.

* சில பழைய மீட்டர்களில் ஒவ்வொரு டப்பாவுக்கும் கோடு எண் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தப்பாகக் காட்டும். புதிதாக வாங்குவதென்றால் கோடு தேவைப்படாததாகப் பார்த்து வாங்குங்கள்.

* ரத்தசோகை அதிகமாக இருந்தால் மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் சில வகை ஸ்ட்ரிப்கள் தவறாகக் கூட்டிக் காட்டும். இவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் மீட்டர் வாங்க வேண்டும்.

* ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது, கணவன் - மனைவியாக இருந்தாலும். மஞ்சள் காமாலைக் கிருமி பரவ அது போதும். இலவச முகாமில் பார்த்தாலும், 'புது ஊசியா?' என்று கேளுங்கள். தப்பில்லை.

கையில் ஒட்டிய காசு

அண்ணன் மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே வியப்பு. அவள் விரலைக் குத்துவதே அபூர்வம். மேல் கையின் பின்பக்கம் பெரிய காசு அளவில் ஒன்று ஒட்டியிருக்கும். போனை எடுத்துப் பார்த்து, "142 தாத்தா, ஏறிட்டிருக்கு" என்பாள்.

இதுதான் தொடர் கண்காணிப்பு சென்சார், சுருக்கமாக சி.ஜி.எம். அதன் அடியில் அரை சென்டிமீட்டர் நீளத்தில் மயிரிழை போல ஒரு கம்பி தோலுக்குள் இருக்கும். அது அளப்பது ரத்தத்தை அல்ல. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, ராத்திரி பகல் பார்க்காமல் அளந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் அதிகம் பயன்படுவது இரண்டு வாரம் உழைக்கும். சிலவற்றில் போனை அருகே கொண்டுபோனால்தான் எண் வரும். சிலவற்றில் தானாகவே வரும். இறங்கினால் அலாரமும் அடிக்கும். டாக்டர் ஒட்டி அனுப்பி, இரண்டு வாரம் கழித்து அவரே மொத்தமாகப் பார்க்கும் வகையும் உண்டு.

எண்ணைவிட முக்கியம் அதன் பக்கத்தில் வரும் அம்புக்குறி. 110 என்று சாதாரண மீட்டர் சொன்னால் நிம்மதி. அதே 110 பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு இருந்தால், அரை மணி நேரத்தில் 70 ஆகலாம் என்று அர்த்தம்.

குறைகளும் இருக்கின்றன. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அந்த நீருக்கு வந்து சேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். சென்சார் மேலேயே படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 'எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது' என்றால் விரலைக் குத்திப் பார்த்தே ஆக வேண்டும். அதனால் அவள் பையில் சாதாரண மீட்டரும் எப்போதும் இருக்கும். பெரிய குறை விலை. ஒரு சென்சார் நான்காயிரம், ஐந்தாயிரம் என்று வருகிறது. மாதம் இரண்டு. அண்ணன் எங்கெங்கோ செலவைச் சுருக்கித்தான் வாங்குகிறான். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தூங்கும் குழந்தையின் விரலைக் குத்திய நாட்களை அண்ணியிடம் கேட்டால், அந்தப் பணம் எதற்கென்று தெரியும்.

இன்னொன்று. ஊசியே இல்லாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் விளம்பரம் வருகிறது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. (சென்சாரில் இருந்து வரும் எண்ணை வாட்சில் காட்டுவது வேறு.) அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் போட்ட நிபந்தனைகள்

அப்பா திண்ணையில் உட்கார்ந்த அந்த மாதம், பாப்பாதான் வழி சொன்னாள். "தாத்தா, நான் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடுறேன். ஓடாதேன்னு டாக்டர் சொல்லலையே. பார்த்துட்டு ஓடுன்னுதானே சொன்னாங்க!"

நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் அப்பாவின் பாதத்தில் ஒரு நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்த அப்பாவுக்கு மூன்று இடங்களில் தெரியவில்லை. முள் குத்தினாலும் தெரியாது என்று அர்த்தம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார்.

விரதம் கூடாது. பௌர்ணமி அன்று மாத்திரை அளவை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். (இதை நீங்களாக மாற்றாதீர்கள். உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) புறப்படும் முன் ஒரு முறை, வழியில் மணிக்கு ஒரு முறை, வீட்டுக்கு வந்து ஒரு முறை மீட்டரில் பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது. பையில் குளுக்கோஸ் பவுடர். தனியாகப் போகக் கூடாது. கடைசி நிபந்தனை, வெறுங்கால் கூடாது.

"மலையே சிவன். அவரைச் செருப்புக் காலோட சுத்தறதா?" அப்பா எழுந்துவிட்டார்.

டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, உங்க காலுக்குச் சூடும் தெரியல, கல்லும் தெரியல. ஒரு புண்ணு வந்து விரலை எடுக்க வேண்டியதாயிட்டா, எந்தக் காலோட சுத்துவீங்க?"

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தானாகவே போய், மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவந்தார். ஒவ்வொரு லிங்கத்துக்கும் முன்னால் கழற்றிவைத்துக் கும்பிட்டுவிட்டு, பாதத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி போட்டுக்கொள்வது என்று அவருக்கும் அண்ணாமலையாருக்கும் ஏற்பாடு.

இப்போது அவர் நோட்டில் பௌர்ணமிக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. 'புறப்பாடு 168. எமலிங்கம் 141. ஆதி அண்ணாமலை 112, பிஸ்கட் 4. குபேரலிங்கம் 126. வீடு 119.'

போன ஐப்பசியில் ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது. அன்று எமலிங்கத்துக்கு முன்னாலேயே 88. பிஸ்கட் சாப்பிட்டார். இருபது நிமிடம் கழித்து 84. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே மீட்டரை மூடிப் பையில் போட்டார்.

"கணக்கு இடிக்குது கண்ணு. இன்னைக்கு வேணாம். அடுத்த மாசம் தீபம்தானே... வருவோம்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். யாரும் தடுக்கவில்லை, அதனால் யார் மேலும் கோபம் இல்லை. அந்த முடிவை அவரே எடுத்ததில்தான் எனக்கு நிம்மதி. தீபத்துக்கு அடுத்து வந்த பௌர்ணமியில் முழுச் சுற்றும் முடித்தார்.

அப்படியானால் எதை வாங்குவது?

மாத்திரையில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குச் சாதாரண மீட்டர் தாராளமாகப் போதும். வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். மீட்டரை ஒரு முறைதான் வாங்குவோம். ஸ்ட்ரிப் மாதாமாதம். ஒன்று 15 முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. அந்த ஸ்ட்ரிப் உங்கள் தெரு மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் காட்டுவதும், எண்ணை வாய்விட்டுச் சொல்வதும் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், புளூடூத் வழியாகப் போனுக்கு எண்ணை அனுப்பும் மீட்டர் உதவும். அப்பாவைப் போல நோட்டு எழுதுகிறவருக்கு அது தேவையே இல்லை.

டைப் 1 குழந்தைகள், தினம் பல முறை இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்கிவிடுகிறவர்கள், இவர்களுக்குச் சென்சார் பெரிய துணை. எப்போதும் வாங்க முடியாவிட்டாலும், டாக்டரைக் கேட்டு வருடத்தில் ஒன்றிரண்டு முறை இரண்டு வாரத்துக்கு ஒட்டிப் பார்க்கலாம். ராத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எந்த மீட்டராக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை லேபில் ரத்தம் கொடுக்கும்போது, உங்கள் மீட்டரையும் கொண்டுபோய் அதே நேரத்தில் பாருங்கள். 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் நம்பலாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டு ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறீர்கள் என்றால், அந்தப் புது டப்பாவையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டும் வாருங்கள்.